மில்லி என்றால் எந்த மில்லி?

பாப்பாவுக்கு 14ஆவது வாரத் தடுப்பூசியை ஒரு புதன்கிழமை போட்டுவிட்டு வந்தோம். அன்று ராத்திரி காய்ச்சல் வரும் என்று தெரியும். 6ஆவது வாரமும் 10ஆவது வாரமும் வந்ததுதான். ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பெண்டாவேலன்ட் ஊசி போட்ட தொடை கல்லுமாதிரி இறுகி, தொட்டாலே வீறிட்டு அழுவாள். போன வாரமே குழந்தை டாக்டரிடம் காட்டி எடை பார்த்திருந்தோம். சரியாக 6 கிலோ. "காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் சிரப் மூன்றரை மில்லி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும். காய்ச்சல் இல்லைன்னா கொடுக்கவே வேண்டாம்" என்று சொல்லியிருந்தார்.

அந்த 'மூன்றரை மில்லி' என் மண்டையில் பதிந்துவிட்டது. பிரச்சினையே அதுதான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்குளில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 101. வீட்டில் இருந்த பாட்டிலில் ஒரு வேளைக்குத்தான் மருந்து இருந்தது, கொடுத்தாயிற்று. பதினொரு மணிக்கு மறுபடி உடம்பு கொதித்தது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு, ராத்திரியில் திறந்திருக்கும் ஒரு மெடிக்கலுக்குப் போய், "குழந்தைக்கு பாராசிட்டமால் சிரப்" என்றேன். கொடுத்தார்கள். எத்தனை மாதக் குழந்தை என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து குலுக்கி, மூடியில் மூன்றரை மில்லி ஊற்றி, அத்தை பாலாடையில் மாற்றிப் புகட்டிவிட்டார்.

பத்து நிமிடம் இருக்கும். மனைவி காலி பாட்டிலையும் புது பாட்டிலையும் டியூப்லைட்டுக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, இதுல 250ன்னு போட்டிருக்கு. பழசுல 120ன்னுதானே இருக்கு?"

நான் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவன். ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெயர் வாங்கியவன். இந்த எண்ணைப் பார்க்கவில்லை.

டாக்டருக்கு போன் போட்டோம். நல்லவேளை, எடுத்தார். காய்ச்சல் எவ்வளவு என்று அவர் முதலில் கேட்கவில்லை. எடை என்ன, பாட்டிலில் 5 மில்லிக்கு எத்தனை எம்ஜி என்று போட்டிருக்கிறது, எத்தனை மில்லி கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் எப்போது கொடுத்தீர்கள், இவ்வளவுதான் கேட்டார். சொன்னதும் அவரே கணக்குப் போட்டார். "175 எம்ஜி போயிருக்கு. 6 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 90ஐத் தாண்டக் கூடாது. இந்த ஒரு தடவைக்குப் பயப்பட வேண்டாம், ஆனா இனிமே நான் சொல்ற வரைக்கும் ஒரு சொட்டுகூட கொடுக்காதீங்க. வாந்தி எடுத்தா, பால் குடிக்கலைன்னா, எழுப்பினா முழிக்கலைன்னா உடனே தூக்கிட்டு வாங்க. இல்லைன்னாலும் காலையில முதல் ஆளா வாங்க."

அன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை, பாப்பாவைத் தவிர.

காலையில் அவர் விளக்கியதை நான் அப்படியே மனப்பாடமாக வைத்திருக்கிறேன். நாம் பேச்சில் எல்லாவற்றையும் 'மில்லி' என்றே முடித்துவிடுகிறோம். மில்லிலிட்டரும் மில்லி, மில்லிகிராமும் மில்லி. மருந்து என்பது மில்லிகிராம். மில்லிலிட்டர் அதைக் கரைத்து வைத்திருக்கும் தண்ணீர்க் கணக்கு. டாக்டர் மூன்றரை மில்லி என்று சொன்னது 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கிற பாட்டிலுக்கு. அதில் மூன்றரை மில்லி என்றால் 84 மில்லிகிராம். 250 பாட்டிலில் அதே மூன்றரை, இரண்டு மடங்கு. இன்னொன்றும் உண்டு: சொட்டு மருந்து. சின்ன பாட்டில், கூடவே டிராப்பர். கைக்குழந்தைக்கு என்றே விற்பதால் அது லேசான மருந்து என்று நான் நினைத்திருந்தேன். நேர் எதிர். அதில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். அன்று ராத்திரி கடையில் அதைக் கொடுத்து, நான் மூன்றரை மில்லி புகட்டியிருந்தால் 350 மில்லிகிராம். இதை எழுதும்போதும் கை கொஞ்சம் நடுங்குகிறது. அமெரிக்காவில் இதே குழப்பத்தால், பாராசிட்டமால் தயாரிப்பாளர்கள் 2011இல் குழந்தைகளுக்கான திரவ மருந்தை ஒரே அடர்த்திக்குக் கொண்டுவர முடிவு செய்தார்கள். நம் கடைகளில் இன்றும் மூன்றும் ஒரே அலமாரியில் நிற்கின்றன.

ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை, இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம், ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் கூடாது என்பது அவர் சொன்ன கணக்கு. அளவு மீறிப்போனால் அடி வாங்குவது கல்லீரல். அதுவும் உடனே தெரியாதாம். முதல் நாள் பிள்ளை நன்றாகவே இருப்பதுபோல இருக்கும், ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் காட்டும். அதனால் 'நல்லாத்தானே விளையாடுது' என்று விட்டுவிடக் கூடாது, தவறு தெரிந்த நிமிடமே கேட்க வேண்டும் என்றார். ராத்திரியில் டாக்டர் கிடைக்காவிட்டால் 104 மருத்துவ உதவி எண்ணுக்காவது அழைக்கலாம். மூன்று மாதம் முடியாத குழந்தை என்றால் இந்தக் கணக்கெல்லாம் பிறகு: 100.4 வந்தாலே வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அதற்கு அப்புறம் வீட்டில் சில பழக்கங்கள் மாறின. பாலாடை பாலுக்கு மட்டும். மருந்துக்கு ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச். மூடியில் கோடு எங்கே என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டாம். பாப்பாவை மடியில் தலை கொஞ்சம் உயர்த்தி வைத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் விழுங்கிவிடுகிறாள். மூக்கைப் பிடித்துப் புகட்டுவது எங்கள் ஆச்சி காலத்து வித்தை, அதை விட்டாச்சு. பாலில் கலந்தும் கொடுப்பதில்லை. பாதிப் பாலோடு நிறுத்திவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்? கொடுத்த நேரத்தை தினசரி காலண்டர் தாளில், ராகு காலம் போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுகிறோம். மூன்று பேர் இருக்கும் வீட்டில் 'நீ கொடுத்தியா, நான் கொடுத்தேனா' என்பது பெரிய ஆபத்து.

பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனதோடு ஒரு சிரப்பைக் கொண்டுவந்து, "இது உடனே கேக்கும்" என்றார். லேபிளைப் படித்தால் பாராசிட்டமாலோடு ஐபுபுரூஃபன் என்ற இன்னொரு காய்ச்சல் மருந்தும். டாக்டர் வேண்டவே வேண்டாம் என்றார். ஆறு மாதத்துக்குள் ஐபுபுரூஃபன் கூடாது. அதோடு இது ஐப்பசி மழைக்காலம், டெங்கு என்று சந்தேகம் இருக்கும்போது ஐபுபுரூஃபனோ அதே வகை மருந்தான மெஃபனாமிக் ஆசிடோ கொடுத்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். சளி சிரப்பையும் தொடாதீர்கள் என்றார். அதிலும் சிலவற்றில் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். இரண்டையும் கொடுத்தால் இரட்டிப்பு. அந்த அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தயக்கமாக இருந்தது. பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது டாக்டர் மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

காய்ச்சலே முழுசாக இறங்க வேண்டும் என்று நினைத்து அடிக்கடி தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டிருந்ததும் என் தப்பு. மருந்து வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். 102 என்பது 100 ஆகி, பிள்ளை பால் குடித்துத் தூங்கினால் போதும். அதுவரை குல்லா, சாக்ஸ், கம்பளி எல்லாவற்றையும் கழற்றி ஒரு பருத்திச் சட்டை. இதில்தான் அத்தையோடு கொஞ்சம் வாக்குவாதம் வந்தது.

போன மாதம் 9ஆவது மாத ஊசி. முந்தின நாள் அங்கன்வாடியில் எடை போட்டோம், 8 கிலோ. டாக்டரைக் கேட்டு, 120 பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் 3.5 என்பதை அடித்துவிட்டு 5 என்று எழுதினேன். அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, அளவைக் கூட்டிட்டீங்க? மறுபடியும் பாட்டில் மாறிப்போச்சா?"

"பாட்டில் அதேதான் அத்தை. பிள்ளை எடை கூடியிருக்கு."

அவர் நம்பவில்லை. பாட்டிலைத் திருப்பி, 120 என்ற எண்ணை விரல் வைத்துத் தேடிப் பார்த்த பிறகுதான் சிரிஞ்சை எடுத்தார்.