பாறைக்கு டயர் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பக்கச்சுவரை

"எம்.டி. போட்டுடலாமாண்ணா?" புதிதாக ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுத்த தம்பிகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். ஆசை நியாயமானதுதான். எம்.டி. எனப்படும் மட் டெர்ரெய்ன் (சேற்றுக்கான) டயரின் பெரிய பட்டன்களும் (தரையை மிதிக்கும் ரப்பர் கட்டிகள்), விரல் நுழையும் பள்ளங்களும், ஓரத்தில் பல் பல்லாக நிற்கும் ரப்பரும் வண்டிக்கே தனி மிடுக்கைத் தரும். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் ஒரே டயரில் பாறையும் ஏற வேண்டும், சரளையிலும் ஓட வேண்டும், மழையில் தார் ரோட்டில் வீடும் திரும்ப வேண்டும் என்றால், பட்டனைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். முதலில் பக்கச்சுவர், அப்புறம் அளவு. பட்டனைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பாறையில் டயர் சாவது பெரும்பாலும் பக்கவாட்டில்தான். ரேடியல் டயரில் தரையை மிதிக்கும் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கின்றன. பக்கச்சுவரில் அந்தப் பட்டைகள் கிடையாது. பொதுவாக பாலியெஸ்டர் நூலாலான பிளைகள் (அடுக்குகள்), அதற்குமேல் கொஞ்சம் ரப்பர், அவ்வளவுதான். மிதிக்கும் இடத்தில் ஆணி ஏறினால் ஸ்ட்ரிப் செருகி, காற்றடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். பக்கத்தில் கிழிந்தால் அந்த வேலை நடக்காது. வண்டி நகரும்போதெல்லாம் மடங்கி மடங்கி விரியும் இடம் அது, எந்த ஒட்டும் அங்கே நம்பும்படி நிற்காது.

பாறையிலிருந்து இறங்கியதும் நான் நான்கு டயரையும் உட்கார்ந்து பார்ப்பேன். உடைந்த பாறை விளிம்பு உரசிய இடத்தில் சின்னதாக ஒரு ரப்பர் மடிப்பு எழும்பி நிற்கும். அதை விரலால் மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். உள்ளேயும் கறுப்பாகவே இருந்தால் ரப்பர் மட்டும்தான் போயிருக்கிறது. வெளிர் நிறத்தில் நூல் தெரிந்தால் அந்த டயரின் கதை முடிந்தது. வெட்டே இல்லாமல் ஓரிடம் மட்டும் வீங்கியிருந்தாலும் அதே தீர்ப்புதான், உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

எத்தனை பிளை என்பதைப் பல டயர்களில் பக்கச்சுவரிலேயே அச்சிட்டிருப்பார்கள். சிறிய எழுத்தில் 'சைடுவால் 2 பாலியெஸ்டர்' என்றோ '3 பாலியெஸ்டர்' என்றோ இருக்கும். கற்கள் நிறைந்த பாதைக்கு நான் மூன்றைத்தான் தேடுவேன். இங்கே ஒரு குழப்பம் உண்டு. லோடு ரேஞ்ச் சி என்றால் 6 பிளை, டி என்றால் 8, இ என்றால் 10 என்று கடையில் சொல்வார்கள். அது எடை தாங்கும் பலத்துக்கான மதிப்பீடு. பருத்தி நூல் காலத்துக் கணக்கு இன்றும் பெயரளவில் தொடர்கிறது. '10 பிளை' டயரை வெட்டிப் பார்த்தால் பத்து அடுக்கு இருக்காது.

பலம் கூடினால் நல்லதுதானே என்று சின்ன வண்டிக்கும் லோடு ரேஞ்ச் இ வாங்கிவிடக் கூடாது. ஒன்றேகால் டன்கூட வராத ஜிம்னி போன்ற வண்டியில் அந்த டயர் கல் மாதிரி நிற்கும். காற்றை இறக்கினாலும் மடங்காது, மடங்காவிட்டால் பாறையைப் பிடிக்காது. சுமார் இரண்டரை டன் லேண்ட் குரூஸருக்கு அதே டயர் சரியாக இருக்கலாம். அதனால் வண்டியின் எடையை, கூடாரம், தண்ணீர், ஆட்கள் எல்லாம் சேர்த்து, ஒரு தடவை எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இன்னொன்று: வண்டியோடு சாதாரண டயர் வந்திருந்து, எல்டி (லைட் டிரக்) வகைக்கு மாறினால், அதே எடையைத் தாங்க அதற்குக் காற்று கூடுதலாக வேண்டும். கதவோரம் ஒட்டியிருக்கும் பழைய பிஎஸ்ஐ எண்ணை அப்படியே வைத்து ஓட்டக் கூடாது.

சரி, அளவு. சாலிட் ஆக்ஸில் வண்டியில், அதாவது இரண்டு சக்கரமும் ஒரே விறைப்பான ஆக்ஸிலில் இருக்கும் வண்டியில், டிஃபரென்ஷியலுக்கு (ஆக்ஸிலில் உருண்டையாகத் தொங்கும் கியர்ப் பெட்டி) கீழே இருக்கும் இடைவெளியைக் கூட்டுவது டயர் மட்டும்தான். லிஃப்ட் கிட் சேஸிஸைத் தூக்கும், ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். 235/70 ஆர் 16 டயரின் விட்டம் சுமார் 735 மி.மீ. 245/75 ஆர் 16 போட்டால் 774. வித்தியாசத்தில் பாதிதான் தரை இடைவெளியாகக் கிடைக்கும், அதாவது 19 மி.மீ. இன்னும் ஏறி 265/75 ஆர் 16 போட்டால் 804, பழையதைவிட 34 மி.மீ. உயரம் கிடைக்கிறது. கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் டிஃபரென்ஷியல் கல்லில் இடிப்பதற்கும் தாண்டிப் போவதற்கும் நடுவே பல நேரம் இவ்வளவுதான் இருக்கிறது.

இந்த உயரம் சும்மா வருவதில்லை. 245/75க்கு மாறினால் மீட்டர் 80 காட்டும்போது வண்டி 84ல் போகும். ஒவ்வொரு கியரிலும் இழுவை அதே விகிதத்தில் குறையும், வேகம் கூடும். பாறையில் இது உடனே தெரியும், ஏனென்றால் அங்கே வேகமே எதிரி. முதல் கியர் விகிதம், டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) லோ விகிதம், ஆக்ஸில் விகிதம் மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் கிராலிங் விகிதம். மேனுவல் கியர் ஜீப் ராங்லர் ரூபிக்கானில் அது 84க்கு 1. அப்படிப்பட்ட வண்டி பெரிய டயரையும் அசராமல் உருட்டும். லோ கியர் பலவீனமான வண்டியில் இரண்டு அளவு ஏற்றினால் கிளட்ச்சைக் கருக்கித்தான் கல்லைத் தாண்ட வேண்டியிருக்கும். நான் என் வண்டியில் ஒரே ஒரு அளவு ஏற்றியதோடு நிறுத்திக்கொண்டேன். அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம்.

டயர் எங்கேயாவது உரசுகிறதா என்று சமதரையில் ஸ்டீயரிங்கை ஒடித்துப் பார்த்தால் மட்டும் தெரியாது. எதிரெதிர் மூலையில் இரண்டு சக்கரத்தை மேட்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கிய நிலையில், இரண்டு பக்கமும் ஒடித்துப் பாருங்கள். ரிவர்ஸிலும் பாருங்கள்.

ரிம் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். டயரின் வெளி விட்டம் 804 மி.மீ. என்றே வைத்துக்கொண்டால், 16 அங்குல ரிம்மில் பக்கச்சுவர் சுமார் 199 மி.மீ. உயரம் இருக்கும், 18 அங்குலத்தில் 173தான். அந்த ஓர் அங்குல ரப்பர்தான் பாறையில் மடங்கப் போகிறது, ரிம்மைக் காப்பாற்றப் போகிறது. பிரேக் காலிப்பர் இடம் கொடுக்கும் மிகச் சின்ன ரிம்மைப் போடுங்கள்.

இப்போது காற்று. இதைச் சொல்லாமல் டயர் தேர்வைப் பேசவே முடியாது. ஒரு தடவை நண்பரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பாதுகாப்பான தூரத்தில் குனிந்து டயரைக் கவனியுங்கள். 32 பிஎஸ்ஐயில் இருக்கும் டயர் கல்லின் முனையில் ஒரு புள்ளியில் நின்று, சுற்றி, ரப்பர் தூளைத் தெளித்துவிட்டு நழுவும். அதே கல்லில் 18க்கு இறக்கிவிட்டுப் பாருங்கள். முனை டயருக்குள் புதையும், பட்டன்கள் அதன் இருபுறமும் இறங்கிப் பிடிக்கும், சக்கரம் சுற்றாமல் வண்டி அப்படியே மேலே ஊர்ந்துவிடும். காற்றை இறக்கினால் டயர் அகலமாவதைவிட நீளவாக்கில்தான் அதிகம் படிகிறது. கனமான வண்டிக்கு 18 முதல் 20, எடை குறைந்ததற்கு 14 முதல் 16 என்று நான் ஆரம்பிப்பேன். பீட்லாக் ரிம் (டயரின் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் ரிம்) இல்லாமல் 12க்குக் கீழே போக மாட்டேன், பக்கவாட்டு அழுத்தம் வந்தால் டயரின் பீட் (உள் விளிம்பு) ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். கற்கள் முடிந்ததும், தார் ரோட்டில் வேகமெடுக்கும் முன், காற்றை ஏற்றியாக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் பக்கச்சுவர் சூடேறி உள்ளுக்குள்ளேயே பிய்ந்துபோகும். ஆகவே நல்ல கம்ப்ரஸர் ஒன்று டயர் செலவிலேயே சேர்த்தி.

காற்று இறங்கிய டயரின் வயிறு வெளியே தள்ளி நிற்கும். அதாவது நல்ல பிடி கிடைக்கும் அதே நேரத்தில்தான் பக்கச்சுவர் கல்லுக்கு இன்னும் நெருக்கமாகப் போகிறது. மூன்று பிளை கேட்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கடைசியாக பட்டன். காய்ந்த பாறையில் ஏ.டி.க்கும் (ஆல் டெர்ரெய்ன், எல்லாத் தரைக்குமான டயர்) எம்.டி.க்கும் இடையே பலர் நினைக்கும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. அங்கே வேலை செய்வது ரப்பரின் மென்மையும் காற்றும்தான். எம்.டி. ஜெயிக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று சேறு: அகலப் பள்ளங்கள் மண்ணை உதறித் தள்ளும். இன்னொன்று படிபோல நிற்கும் கல்: ஓரத்துப் பற்கள் விளிம்பைக் கவ்வி ஏற்றும். ஈரம் என்று வந்துவிட்டால் நிலைமை மாறும். பட்டன்மேல் கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் இருக்கும் பாருங்கள், அவைதான் ஈரப் பாறையிலும் மழை ரோட்டிலும் பிடிக்கின்றன. எம்.டி.யில் அவை பொதுவாகக் குறைவு, பிரேக் தூரம் நீளும். இரைச்சலும் எடையும் எரிபொருள் செலவும் தனி.

1976ல் பிஎஃப் குட்ரிச் தன் ஆல் டெர்ரெய்ன் ரேடியலைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இந்த வகை எவ்வளவோ முன்னேறிவிட்டது. இன்று பல ஏ.டி.களில் ஓரத்துப் பற்கள் பக்கச்சுவர்மேலும் இறங்கியிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ரக்கட் டெர்ரெய்ன் என்று ஒரு வகையும் வருகிறது. வழியில் சேறு உறுதியாக உண்டு என்பவர் எம்.டி. எடுக்கட்டும். மற்றவர்களுக்கு என் பதில் மாறாது: மூன்று பிளை பக்கச்சுவர் உள்ள ஏ.டி., அல்லது ரக்கட் டெர்ரெய்ன். போட்டிக்கென்று செய்யும் மிக மென்மையான டயர் பாறையில் பசைபோல ஒட்டும், ஆனால் தார் ரோட்டில் சீக்கிரம் கரைந்துவிடும்.

பணம் கொடுக்கும் முன் தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற குறியீட்டின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது.

அப்புறம், ஐந்து டயராக வாங்குங்கள். ஸ்டெப்னி பழைய சின்ன அளவில் இருந்தால், எப்போதும் நான்கு சக்கரமும் ஓடும் வண்டியில் நடு டிஃபரென்ஷியல் ஓயாமல் சுற்றிச் சூடேறும். ஐந்தையும் சுழற்சியில் மாற்றி மாற்றி ஓட்டினால் தேய்மானமும் சமமாக இருக்கும். ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் மாட்டும் மாடல் என்றால் பெரிய அளவு அந்த இடத்தில் உட்காராமல் போகலாம். பின்கதவில் தொங்கும் மாடல் என்றால் கீல் அந்த எடையைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் டேப் வைத்து அளந்து, புது டயரின் எடையையும் கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு ஆர்டர் கொடுங்கள்.