வானொலியில் ஒரு மணி நேரம் எங்களிடம் கொடுத்தார்கள்

எங்கள் ஊர்க் கல்லூரியின் சமுதாய வானொலியில் ஞாயிறு காலை தொலைபேசி நேரலை ஒன்று உண்டு. அதை நடத்துபவர் மகப்பேறு விடுப்பில் போனதும், ஒரு வாரத்துக்கு அந்த ஒரு மணி நேரத்தை எங்கள் மூவரிடம் கொடுத்தார்கள். கால்நடை மருத்துவரான தோழி, பள்ளி ஆசிரியரான நண்பர், மருந்துக் கடை வைத்திருக்கும் நான். 2025 செப்டம்பர் 28, உலக ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தினம், ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்ததால் நாய்க்கடி பற்றிப் பேசுவது என்று முடிவானது.

ஸ்கிரிப்ட் கொடுத்தது, உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் சுலபமாக முடிந்தது. சிக்கல் டாக்டர் விஷயத்தில் வந்தது. அரசு மருத்துவமனை டாக்டர் ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார். மேலிடத்து அனுமதிக்கு ஸ்டேஷனிலிருந்து ஒரு கடிதம் போக வேண்டும், அவ்வளவுதான். கேட்கும்போதெல்லாம் அலுவலகத்தில் இருந்தவர் "மெயில் போட்டாச்சு சார்" என்றார். சனிக்கிழமை சாயங்காலம் டாக்டர் போன் செய்தார். "லெட்டர் எதுவும் வரலீங்க. அனுமதி இல்லாம நான் மைக் முன்னால உட்கார முடியாது, தப்பா எடுத்துக்காதீங்க." அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். கடிதம் தட்டச்சாகி, கையெழுத்தும் ஆகி, மேஜை மேலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு யாரிடம் அனுமதி வாங்குவது?

உங்களை யாராவது இப்படிக் கூப்பிட்டால், விருந்தினருக்கான கடிதத்தை நீங்களே கையோடு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். "அனுப்பியாச்சு" என்ற வாய்வார்த்தையை நம்பவே வேண்டாம்.

ஸ்டுடியோவுக்குள் போனதும் இன்னொரு பாடு. பண்பலை நிலையம் என்றால் பெரிய ஏற்பாடுகள் இருக்கும் என்று நினைப்போம். அங்கே ஒரு சாதாரண கைபேசியைத்தான் ஒயர் போட்டு, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில் சொருகியிருந்தார்கள். அழைப்பவர் வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தால் அந்தச் சத்தம் சுற்றிச் சுற்றி வந்து வீல் என்று கத்தும். எனவே ஒவ்வொருவரிடமும் முதல் வார்த்தையே "ரேடியோ சத்தத்தைக் குறைச்சிட்டுப் பேசுங்க" என்பதுதான். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் "ப" வருகிற ஒவ்வொரு சொல்லும் வெடிக்கும். மூன்று நண்பர்கள் சேர்ந்தால் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுவது வழக்கம், அது காதில் கேட்டால் ஒன்றுமே புரியாது. அடுத்துப் பேச வேண்டியவர் மேஜை மேல் கையை வைக்க வேண்டும் என்று ஆசிரியர் நண்பர் ஒரு ஏற்பாடு செய்தார். மூவருக்கும் அது கைகொடுத்தது.

இரண்டாவது அழைப்பு, வயதான அம்மா ஒருவர். பேரனைக் காலையில் தெருவில் நாய்க்குட்டி கடித்துவிட்டதாம். "சுண்ணாம்பும் மஞ்சளும் வெச்சுக் கட்டியிருக்கேன் சாமி. குட்டிதானே, ஒண்ணும் ஆகாதுல்ல?"

டாக்டர் இல்லை. நாங்கள்தான் இருந்தோம். தோழி கையை மேஜையில் வைத்தார். "அம்மா, மொதல்ல கட்டை அவுத்துடுங்க. குழாயைத் தெறந்துவிட்டு சோப்புப் போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவுங்க. தேய்ச்சுக் கீறிடாதீங்க. குட்டியா இருந்தாலும் ஊசி போடணும்." அந்த அம்மா அடுத்துக் கேட்டது எங்கள் ஸ்கிரிப்டில் எங்குமே இல்லாத கேள்வி: "இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே, ஆஸ்பத்திரி இருக்குமா?" அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு ஞாயிறும் இரவும் இயங்கும், ஊசிக்குக் காசு கிடையாது, சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்யுங்கள் என்று நான் சொன்னேன். அன்று மதியம் அங்கே வேலையில் இருந்த செவிலியர், ரேடியோவில் சொன்னார்கள் என்று ஒரு பாட்டி பையனைக் கூட்டி வந்ததாகப் பிறகு சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அடுத்த அழைப்பில்தான் வேதனை. ஒருவர் கோபமாக, தெரு நாய்களை ஏன் யாரும் பிடிப்பதில்லை என்று கேட்டார். 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டியது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு என்று தோழி விளக்க ஆரம்பித்தார். "நகராட்சி" என்ற சொல் வந்ததுதான் தாமதம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருங்கிணைப்பாளர் எங்கள் மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கிப் பாட்டைப் போட்டுவிட்டார். பாதி வாக்கியத்தில்! "லைசென்ஸ் போயிடும் மேடம், அரசியல் பேசாதீங்க" என்றார்.

இதில் அரசியல் எங்கே இருக்கிறது? சமுதாய வானொலிக்குச் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பவும் அரசியல் பேசவும் அனுமதி இல்லை, உண்மைதான். ஆனால் அப்படிச் சொல்லும் மத்திய அரசின் சமுதாய வானொலிக் கொள்கையே சுகாதாரம், சுற்றுச்சூழல், வேளாண்மை, கல்வி இவற்றுக்கு முக்கியத்துவம் கொடுக்கச் சொல்கிறது. குறைந்தது 50 சதவீத நிகழ்ச்சிகள் உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்கிறது. கடித்தது உள்ளூர் நாய், கடிபட்டது உள்ளூர்ப் பிள்ளை. யார் பொறுப்பு என்பதை மட்டும் சொல்லக் கூடாதா?

பாட்டு ஓடியபோது என் வயிறு எரிந்ததற்கு வேறு காரணமும் உண்டு. ஊசி அட்டவணையை நாங்கள் இன்னும் சொல்லவே இல்லை. என் கடைக்கு வருகிறவர்களில் பலர் "டி.டி. போட்டாச்சுண்ணே" என்று நிம்மதியாகப் போவதைப் பார்க்கிறேன். டி.டி. ரணஜன்னிக்கானது, ரேபிஸைத் தடுக்காது. இன்னும் சிலர் முதல் ஊசியோடு நிறுத்திவிடுவார்கள். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதில் சாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

கண்ணாடியைத் தட்டினேன். அட்டவணை எழுதிய தாளை அவர் பார்க்கும்படி ஒட்டிப் பிடித்தேன். அவர் படித்துவிட்டு ஃபேடரை ஏற்றினார். மிச்சமிருந்த சில நிமிடங்களில் அதை இரண்டு தடவை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். முதல் ஊசி போடும் நாள், அதிலிருந்து 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். தனியாரில் தசையில் போடும் முறை என்றால் 14-ஆம் நாளும் சேரும். ரத்தம் வருகிற ஆழமான கடி என்றால் புண்ணிலேயே போடுகிற இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் தேவை, டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

பிறகு ஒலிப்பதிவைத் தரும்படி கேட்டபோது "அதெல்லாம் அழிச்சிருப்பாங்க" என்று அதே அலுவலகத்தில் பதில். ஒலிபரப்பிய எதையும் 3 மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது அனுமதி நிபந்தனைகளில் ஒன்று. அதை எழுத்தில் குறிப்பிட்டுக் கல்லூரி முதல்வருக்கு விண்ணப்பம் கொடுத்தேன். பென் டிரைவில் பதிவு கைக்கு வந்தது. முதல்வர் தோழியின் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டு, நிறுத்தியிருக்க வேண்டியதில்லை என்று ஒருங்கிணைப்பாளரிடமே சொன்னார். அந்தப் பகுதியை மறுபடி ஒலிப்பதிவு செய்து ஒரு புதன்கிழமை மாலை போட்டார்கள்.

அடுத்து பாம்புக்கடி பற்றிப் பேசக் கேட்டிருக்கிறார்கள், மூவரும் சம்மதித்துவிட்டோம். டாக்டருக்கான கடிதத்தை இந்தத் தடவை ஆசிரியர் நண்பரே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் சீல் வாங்கிவிட்டார்.