என் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி

கொடைக்கானல் மலையில் இருக்கும் சலேத் மாதாவுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுத ஆரம்பித்தால் பஸ்ஸையும் கூட்டத்தையும் திட்டுவதிலேயே பாதி போய்விடும் என்று எனக்கே தெரியும், அதனால் நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரியே வாழ்க.

எம்.எஸ்சி. சேர்ந்த புதிதில் எனக்கு டெங்கு வந்தது. ஹாஸ்டல் காய்ச்சல்தானே, ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்திருக்க, பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போய் கடைசியில் ஐ.சி.யூ.வில் படுக்க வைத்துவிட்டார்கள். அம்மா அவசரத்தில் ஜெபமாலையைக்கூட எடுக்காமல் ஓடி வந்திருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று விரல் கணுக்களைக் கட்டை விரலால் எண்ணி எண்ணி அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் அந்த நாட்களில் எனக்குத் தெளிவாக நினைவில் இருக்கிறது. அப்போது நேர்ந்துகொண்டதுதான் இந்த மெழுகுவர்த்தி. என் மகள் எழுந்து நடந்தால் அவள் உயரத்துக்கு மெழுகுவர்த்தி வாங்கி, அவளையும் கூட்டிக்கொண்டு மலையேறி வந்து உன் காலடியில் வைக்கிறேன் தாயே என்று. எல்லோரும் வேளாங்கண்ணிக்கு நேரும்போது அம்மாவுக்கு மட்டும் கொடைக்கானல் சலேத் மாதாதான். பிறந்தது ஆனந்தகிரி, ஞானஸ்நானம், புதுநன்மை எல்லாம் அந்த மலையில்தான், கல்யாணத்துக்குப் பிறகுதான் திண்டுக்கல் பக்கம் இறங்கி வந்தார்.

நான் பிழைத்துவிட்டேன். நேர்த்திக்கடன்தான் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. மாதா திருவிழா வரும் ஆகஸ்டில் ஒன்று இன்டர்னல் தேர்வு, இல்லையென்றால் புராஜெக்ட் ரிவ்யூ. இதில் என்னைவிடப் பதறியது என் ரூம்மேட். அவள் அப்பா வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர். "கடன் சொல்லிட்டு சாமியக் காத்திருக்க வைக்காதடி" என்று அவள் திட்டிய திட்டில்தான் இந்த வருஷம் லீவ் லெட்டரே எழுதினேன். லேபில் இருக்கும் இன்னொரு நண்பன் வேறு மாதிரி. மெழுகுவர்த்தி ஏற்றினால் பிளேட்லெட் ஏறுமா என்று கேட்டான். டெங்குவுக்குத் தனியாக மருந்து கிடையாது, உடம்பில் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டு காத்திருப்பதுதான் வைத்தியம் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ராத்திரி முழுக்க சலைன் பாட்டில் மாற்றிய நர்ஸ் அக்காவுக்கும் நன்றி, மாதாவுக்கும் நன்றி, யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்க எனக்குத் தெரியாது என்றேன். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தான்.

ஹாஸ்டலில் என் பக்தி எந்த அழகில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பெஷல் கிளாஸ் வைப்பார்கள், பூசை போகும். படுக்கும்போது ஜெபமாலை எடுத்தால் அதன் இரண்டாவது பத்து மணிகளை எண்ணி முடிப்பதற்கு முன்னாலேயே தூங்கிவிடுவேன். நாங்கள் கறி சாப்பிடாத தபசு காலத்து வெள்ளிக்கிழமைதான் மெஸ்ஸில் சிக்கன் வரும், அன்றைக்குப் பார்த்து எனக்கு வெறும் ரசம் சோறு. காலையில் அம்மா வாட்ஸ்அப்பில் ஒரு வசனம் அனுப்புவார், நான் ஒரு கும்பிடு போடுவேன். ராத்திரி போனில் "ஜெபம் சொன்னியா?" என்பார், "சொல்லிட்டேம்மா" என்பேன். அவ்வளவுதான் எங்கள் வீட்டு மறைக்கல்வி.

சரி, பயணத்துக்கு வருகிறேன். ஆளுயர மெழுகுவர்த்தியைத் திண்டுக்கல்லில் ஒரு கடையில் சொல்லிவைத்து வாங்கினோம். கடைக்காரர் என்னைச் சுவரோரமாக நிற்க வைத்து அளந்தார். அம்மா "கொஞ்சம் கூடவே இருக்கட்டும், இன்னும் வளருவா" என்றார், இந்த வயதில் எங்கே வளர்வது. ஆகஸ்ட் 14 மதியம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் சுதந்திர தின லீவுக்குத் தமிழ்நாடே கொடைக்கானலுக்குக் கிளம்பியிருந்தது. காருக்கெல்லாம் இ-பாஸ் வாங்கச் சொல்லி 2024-லிருந்து நடக்கிறது, இருந்தும் கூட்டம் குறைந்த மாதிரி தெரியவில்லை, பஸ்ஸில் சொல்லவே வேண்டாம். அம்மாவுக்கு ஒரு சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். கண்டக்டர் அதை மேலும் கீழும் பார்த்து "இதுக்கும் ஃபுல் டிக்கெட்டா, அரை டிக்கெட்டாம்மா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை, "அது என் பொண்ணுக்குப் போட்ட டிக்கெட்லயே வரும் தம்பி" என்றார்.

வத்தலக்குண்டு தாண்டி, காமக்காபட்டியில் மலையேற ஆரம்பித்ததும் வளைவுக்கு ஒரு தரம் கூட்டம் மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்தது. டம்டம் பாறைக்கு அப்புறம் எதிரே வந்த வேனுக்கு டிரைவர் பிரேக் போட, பின்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ஒரு கோஷ்டி அப்படியே என்மேல் வந்து விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை. கைக்குள் ஏதோ தொளதொளவென்று ஆனது. குனிந்து பார்த்தால் மெழுகுவர்த்தி மூன்று துண்டு. திரி மட்டும் அறுந்துபோகாமல் மூன்றையும் பிடித்துக்கொண்டு தொங்கியது. விழுந்தவன் "சாரி சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு மறுபடி போனை எடுத்தான். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இத்தனை நாள் தள்ளிப் போட்டதற்கு இப்படியா என்றெல்லாம் மனசு ஓடியது. அம்மா ஒன்றும் பேசாமல் பையிலிருந்து துண்டை எடுத்து, மூன்றையும் மடக்கிச் சேர்த்துக் கட்டி மடியில் வைத்துக்கொண்டார். ஊத்து, பெருமாள்மலை எல்லாம் அப்படியே போனது. வெள்ளி அருவியில் காரை நடு ரோட்டில் நிறுத்திப் படம் பிடிக்கிறவர்களால் வண்டி நகரவே இல்லை, செண்பகனூர் வரும்போது நன்றாக இருட்டிவிட்டது.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இறங்கின நிமிஷத்திலிருந்து ரூம் வேணுமா, டாக்ஸி வேணுமா, பன்னிரண்டு இடம் காட்டுறோம் என்று மொய்த்துவிட்டார்கள். வேண்டாம் என்றால் விலையைக் குறைக்கிறார்களே தவிர விடுவதில்லை. ஒரு பையன் மட்டும் கிட்டே வந்து ரகசியமாக "காளான் வேணுமா?" என்றான். அம்மா நின்று, "கிலோ எவ்வளவுப்பா? மொக்கா, சிப்பியா?" என்று கேட்டார். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குள் மறைந்துபோனான். அது குழம்பு வைக்கிற காளான் இல்லை, போதைக் காளான் என்று நான் விளக்கியபோது அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். மாதா திருவிழா அன்றைக்கு இந்த வியாபாரம்.

ஆனந்தகிரியில் சித்தி வீடு. துண்டைப் பிரித்ததும் சித்தி எங்களை உட்காரக்கூட விடவில்லை. கேஸ் அடுப்பில் தோசைக்கரண்டியைக் காய வைத்து, உடைந்த முனைகளில் ஒவ்வொன்றாகத் தொட்டு, மெழுகு இளகினதும் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் குளிருக்குச் சீக்கிரமே இறுகிவிட்டது. ஒட்டின இடங்களில் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டு, லேசாகக் கோணலாக, ஆனால் முழுசாக நின்றது. "இவளையும் இப்படித்தானே ஆஸ்பத்திரியில ஒட்டி எடுத்தாங்க, மாதாவுக்குத் தெரியாதா" என்றார் சித்தி. அம்மா அதுவரைக்கும் அடக்கிவைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

சப்பரம் பார்க்க மூஞ்சிக்கல்லுக்குப் போனோம். தூறலும் மூடுபனியும். ஜோடித்த விளக்குகள் முதலில் மங்கலான வெளிச்சமாகத்தான் தெரிந்தன, கிட்டே வந்த பிறகுதான் மாதா முகம். ஜெனரேட்டர் சத்தம், பேண்டு வாத்தியம், நடுவில் ஜெபமாலை. வேண்டிக்கொண்டு சப்பரத்தில் உப்பும் மிளகும் போடுகிறவர்களில் நெற்றியில் திருநீறு வைத்தவர்கள் நிறையப் பேர், இந்த ஊரில் அது யாருக்கும் புதுசு இல்லை. கீழேயிருந்து ஸ்வெட்டர் இல்லாமல் வந்தவர்கள் பாவம், நானும் சித்தப்பாவின் மங்கி குல்லாவைப் போட்டுக்கொண்டுதான் நின்றேன்.

மறுநாள் விடிந்ததும் அம்மாவும் நானும் செருப்பில்லாமல் நடந்தோம். கோயில் சின்னது, சரிவில் நிற்கிறது. லூயி செயிண்ட் சிர் என்ற பிரெஞ்சு இயேசு சபைச் சாமியார் 1866-இல் கட்டியது. மோட்டார் ஓடும் ரோடு இந்த மலைக்கு வந்ததே அதற்கு அரை நூற்றாண்டு கழித்துத்தான். பெரியகுளம் பக்கத்திலிருந்து காட்டு வழியில் நடந்தும் டோலியிலும் ஏறி வந்த காலம் அது. ஒரு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததற்கு நான் இவ்வளவு புலம்புகிறேன்.

உள்ளே நுழைய முடியவில்லை. வாலண்டியர் பையன்கள் "பூ இந்தப் பக்கம், மெழுகுவர்த்தி அந்தப் பக்கம், நகருங்க, நகருங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். கத்துகிற அளவுக்குக் கூட்டத்தை ஒழுங்கு பண்ணியிருந்தால் கைக்குழந்தையோடு வந்தவர்களாவது நசுங்காமல் போயிருப்பார்கள். எங்கள் முறை வந்ததும் ஒரு பையன் கையை நீட்டி மெழுகுவர்த்தியை வாங்கி அந்தக் குவியலில் போடப் பார்த்தான். அம்மா பிடியை விடவில்லை. "இவதான் வைக்கணும். இவ உயரம் அது." அவன் என்னைப் பார்த்தான், மெழுகுவர்த்தியைப் பார்த்தான், ஒட்டின முடிச்சுகளையும் பார்த்தான். என்ன தோன்றியதோ, பின்னால் வந்தவர்களைக் கையால் மறித்துக்கொண்டு "வைங்கக்கா, மெதுவா வைங்க" என்றான்.

வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் மாலைகளுக்கு நடுவே மாதாவின் முகம் மட்டும்தான் தெரிந்தது. என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன், தேர்வு, வேலை, அப்பாவின் சுகர், ஒன்றுமே வாயில் வரவில்லை. பக்கத்தில் அம்மாவின் கை. ஜெபமாலை மணிக்கட்டில் சுற்றிக் கிடக்கிறது, கட்டை விரலோ அதைத் தொடாமல் விரல் கணுக்களின்மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐ.சி.யூ. வாசலில் ஓடிய அதே மாதிரி. அப்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது, குளிர் என்று சொல்லிக்கொண்டேன். "சொல்லிட்டேம்மா" என்று நான் போனை வைத்த ராத்திரிகளில் எல்லாம் எனக்கும் சேர்த்து இந்த விரல்தான் எண்ணியிருக்கிறது.

பூசையில் சாமியார் பிரசங்கத்தில் சொன்னது நான் சின்ன வயதிலிருந்தே கேட்ட கதைதான். 1846 செப்டம்பர் 19, பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸில் இருக்கும் சலேத் மலையில் மாடு மேய்த்த மெலனிக்கும் மாக்சிமினுக்கும் மாதா அழுதபடி காட்சி கொடுத்தது, மார்பில் தொங்கிய சிலுவையின் ஒரு பக்கம் சுத்தியலும் மறுபக்கம் குறடும் இருந்தது, உருளைக்கிழங்கு அழுகிப் போகும் என்று எச்சரித்தது. அந்த இடத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மேல்மலைக் கிராமத்துப் பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள், கிழங்கு அழுகினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த சலேத் மலையைவிட நம் கொடைக்கானல்தான் உயரம் என்று சாமியார் சொன்னபோது சித்தி முகத்தில் அப்படி ஒரு பெருமை. அப்புறம் அந்தக் கேள்வி. நன்றாக ஜெபம் செய்கிறீர்களா பிள்ளைகளே என்று மாதா கேட்க, அவ்வளவாக இல்லை அம்மா என்று இரண்டு பேரும் சொல்லியிருக்கிறார்கள். மாதா திட்டவில்லை. காலையும் மாலையும் செய்ய வேண்டும், அதற்கு மேல் முடியாதபோது ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள் நிறைந்த மரியேவுமாவது சொல்லுங்கள் என்றார்.

ஒன்றும் ஒன்றும். அவ்வளவுதான் குறைந்தபட்சம். எத்தனையோ தரம் கேட்ட கதையில் இது மட்டும் எப்படி என் காதில் விழாமல் போனதோ. ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளையும் எண்ணி முடிக்கவில்லையே என்று அதைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிற எனக்கு அந்த இடத்தில் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. தாயே, கோடி நன்றி. உயிருக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி, அறுந்துபோகாத திரிக்கு நன்றி, அந்த வாலண்டியர் தம்பிக்கும் நன்றி, அவன் எந்த ஊரோ, நன்றாக இருக்கட்டும். ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறவர்களுக்கும் மனசு மாறட்டும்.

பூசை முடிந்து வெளியே தேசியக் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். மாதா கொடியும் மூவர்ணக் கொடியும் இரண்டுமே பனியில் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு பறக்க மறுத்தன.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்வெட்டர் கட்டாயம். முடிந்தால் 13-ஆம் தேதியே ஏறிவிடுங்கள், ரூம் போடுகிறவர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆளுயர மெழுகுவர்த்தி நேர்ந்தவர்கள் பழைய சேலையால் நன்றாகச் சுற்றி எடுத்துப் போங்கள், அப்படியும் உடைந்தால் தோசைக்கரண்டி இருக்கிறது. இறங்கி வரும்போது, இத்தோடு கடன் தீர்ந்ததா என்று அம்மாவிடம் கேட்டேன். உன் கடன் தீர்ந்தது, தம்பி பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தால் மொட்டை போடுவதாக இப்போதுதான் நேர்ந்துவிட்டு வந்தேன் என்றார். தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை.