பலகையில் போட்ட கோடு

பலகையின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் ‘நடந்தது’, வலப்பக்கம் ‘புனைந்தது’ என்று எழுதியது வசதிக்காகத்தான். அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987) நாவலை வகுப்பில் அப்படிப் பிரிக்காமல் நடத்தினால், செத்த குழந்தை பேயாகத் திரும்பி வந்ததையும் வரலாறு என்று விடைத்தாளில் எழுதி வைப்பார்கள்.

இடப்பக்கம் சீக்கிரம் நிரம்பியது. 1856 ஜனவரியில் கென்டக்கியிலிருந்து தப்பி, உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றைக் குடும்பத்தோடு நடந்தே கடந்த அடிமைப் பெண் மார்கரெட் கார்னர்; நாவலுக்கு வித்து அவள் கதைதான். சின்சினாட்டியில் அவர்கள் ஒளிந்திருந்த வீட்டை, பிடிக்க வந்தவர்கள் வளைத்துக்கொண்டார்கள். பிடிபடுமுன் இரண்டு வயது மகளைக் கத்தியால் கொன்றாள். அவள்மீது கொலை வழக்கு நடத்தச் சொன்னவர்கள் அடிமைமுறையை எதிர்த்தவர்கள்! கொலைகாரி என்றால் மனுஷி என்றாகுமே. தப்பியோடிய அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்கச் சொன்ன 1850 சட்டப்படி அவள் உடைமை; எசமானிடமே திருப்பி அனுப்பினார்கள். 1858-ல் டைபாய்டில் இறந்தாள்.

நாவலின் நாயகியும் மகளைக் கொல்கிறாள்; ஆனால் மறுபடி அடிமையாவதில்லை. கதை 1873-ல், அடிமைமுறை ஒழிந்து எட்டு வருஷம் கழித்துத் தொடங்குகிறது. ஆற்றைக் கடந்து தப்புவதையும் சட்டத்தையும் மாரிசன் விட்டுவிடவில்லை. அதில் கைவைத்தால் வாசகர் மற்ற எதையும் நம்பமாட்டார். முக்கியமாக மாற்றியது கொலைக்குப் பிறகான கதையை. கார்னர் செய்ததைப் பத்திரிகைகள் எழுதின. அப்புறம் எப்படித் தூங்கினாள் என்று கோர்ட் கேட்கவில்லை.

அப்போதுதான் கோபிப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளை எழுந்தாள். “எங்க அம்மாயிக்கு டீக்கடையில கொட்டாங்குச்சிலதானுங்க ஊத்துனாங்களாம். பேப்பர்ல எல்லாம் வரலீங்க. அது எந்தப் பக்கமுங்க சார்?”

“நிறவெறி வேற, சாதி வேறம்மா. பாடத்துக்கு வா” என்றேன்.

சொன்னது தப்பில்லை. நம்மூர் டீக்கடையில் ஊற்றியவர், குடித்தவர் இருவருக்கும் தோல் ஒரே நிறம்தான். ஆனால் அவள் கேட்டது சான்றைப் பற்றி. இரட்டைக் குவளை பற்றி அறிக்கைகள் உண்டு, அந்த அம்மாயியைப் பற்றி ஒரு வரி கிடையாது. மணியடிக்கப் போகிற நேரம், பாடம் பாக்கி என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.

அதே நாவலில் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் ‘ஸ்கூல்டீச்சர்’, நாயகியின் மனிதக் குணங்களை இடப்பக்கமும் மிருகக் குணங்களை வலப்பக்கமும் எழுதும்படி தன் மாணவனுக்குச் சொல்லித்தருகிறான். அந்தப் பக்கத்தை நடத்திய அன்று பலகையில் என் கோடு அழியாமல் இருந்தது.

கோடில்லாமல் நடத்த வழி தெரியவில்லை. இந்த வருஷம் தலைப்பை மட்டும் ‘பதிவானது’, ‘பதிவாகாதது’ என்று மாற்றினேன். அம்மாயியின் கொட்டாங்குச்சி வலப்பக்கம் போகிறது. பேயும் அங்கேதான் இருக்கிறது.