மிஸ், நீங்க எதுல வர்றீங்க?

2022 செப்டம்பர் 16, ஓசோன் தினம். எங்கள் பள்ளியில் தேசிய பசுமைப் படை என்ற மாணவர் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு நான்தான் பொறுப்பாசிரியை. காலை வழிபாட்டில் பிள்ளைகள் எல்லாரும் வலக்கையை நீட்டி நிற்க, நான் மைக்கில் உறுதிமொழி சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். தேவையில்லாமல் மின்விசிறி ஓட விடமாட்டோம். நடந்தோ சைக்கிளிலோ பஸ்ஸிலோதான் போவோம். கரியமில வாயுவைக் குறைப்போம். முந்தின இரவு நானே உட்கார்ந்து எழுதியது.

மதியம் ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். "மிஸ், நீங்க எதுல வர்றீங்க?"

"கார்லம்மா."

"தனியாவா?"

அவள் குரலில் கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் அப்பா மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பார்க்கிறவர். அவளும் தம்பியும் தோப்பு வழியாக மூன்று கிலோமீட்டர் நடந்து வருகிறார்கள். வீட்டில் ஒரே ஒரு ஃபேன். குறைப்பதற்கு அந்த வீட்டில் என்ன இருக்கிறது? அந்தப் பிள்ளையைக் கை நீட்டச் சொல்லி நான் உறுதிமொழி வாங்கியிருக்கிறேன்.

அன்று இரவு கணக்குப் போட்டேன். வீடு கிருஷ்ணகிரியில், பள்ளி காவேரிப்பட்டணம் தாண்டி. போக வர 28 கிலோமீட்டர். வருஷத்துக்கு 210 வேலைநாள் என்றால் 5,880 கிலோமீட்டர். என் பழைய கார் லிட்டருக்கு 15 கொடுக்கும். ஆக 392 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். மொத்தம் 900 கிலோ. இந்தியாவில் ஒரு ஆளுக்கு வருஷச் சராசரியே ஏறக்குறைய 2 டன்தான். அதில் பாதியை ஒட்டி வருகிறது, நான் பள்ளிக்கூடம் போய்வருவது மட்டும்.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னபோது கணக்கு வாத்தியார் கேட்டார்: "நீங்க ஒருத்தர் காரை நிறுத்திட்டா வெயில் குறைஞ்சிடுமா டீச்சர்?"

நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் ஒரு ஆளின் சராசரி நம்மைப்போல ஏழு மடங்கு. 'கார்பன் தடம்', அதாவது ஒரு ஆளால் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்ற கணக்கு. அந்தப் பேச்சை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்ததில் பி.பி. எண்ணெய் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2000-களின் நடுவில், உங்கள் தடத்தை நீங்களே கணக்குப் பாருங்கள் என்று இணையத்தில் ஒரு கருவி வைத்து விளம்பரம் செய்தது. பூமியைத் தோண்டி எண்ணெய் எடுத்து விற்கிறவன், வண்டிக்கு எண்ணெய் போடுகிறவனைப் பார்த்து நீ குறை என்று சொன்ன மாதிரி. அனல் மின்நிலையத்தை மூடுவதும் ரயில் பாதை போடுவதும் தனி ஆள் கையில் இல்லை. இதெல்லாம் எனக்கும் தெரியும்.

ஆனால் நான் மைக்கில் பேசியிருக்கிறேனே. என் 900 கிலோ பூமியைக் காப்பாற்றாது. இருந்தாலும் ஊரைப் பார்த்து விடு என்று சொன்னவள் நான் முதலில் விட வேண்டாமா? பசியோடு இருக்கிறவனிடம் போய்ச் சாப்பாட்டைக் குறை என்று சொல்லிவிட்டு வந்த மாதிரி இருந்தது எனக்கு. அடுத்த வாரமே காரை நிறுத்திவிட்டு டவுன் பஸ் ஏறினேன்.

8.05 பஸ். அதை விட்டால் அடுத்தது 9.20, வழிபாடு முடிந்துவிடும். அரசு டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அதனால் காலையில் நிற்க இடம் இருக்காது. சந்தைக்குப் போய்த் திரும்பும் அம்மாக்கள், சாமந்திப் பூ மூட்டை, பிள்ளைகளின் புத்தகப் பை, என் மடியில் திருத்தாத நோட்டுக் கட்டு. முதல் மாதம் இடுப்பு விட்டுப்போனது. அப்புறம் பழகிவிட்டது. கண்டக்டரே எனக்காக ஒரு நிமிஷம் நிறுத்தி வைக்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

நான் சொல்ல வந்தது மாலையைப் பற்றி. பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் 5.15-க்கு முடியும். நவம்பரில் முதல் தடவையாக அந்தப் பிள்ளைகளோடு பஸ்ஸுக்கு நின்றேன். அடுத்த பஸ் 6.40-க்கு. நிறுத்தம் என்று பெயர்தான். ஒரு புளியமரம், ஒரு கல், விளக்கு இல்லை. ஆறு மணிக்கு இருட்டிவிட்டது. மெயின் ரோட்டில் லாரி வரும்போது மட்டும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். பதினோரு பெண்கள், ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு மரத்தோடு ஒட்டி நின்றார்கள். பைக்கில் போனவன் ஒருவன் வேகத்தைக் குறைத்தான். அப்போது அவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தியதை நான் கேட்டேன். இது அவர்களுக்குத் தினமும் நடப்பது. பேசாமல் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத அளவுக்குப் பழக்கம்.

ஒன்பது வருஷம் அந்தப் புளியமரத்தைக் கண்ணாடி ஏற்றிய காரில் தாண்டிப் போயிருக்கிறேன். அந்த வருஷம் ஒரு பெண் ஸ்பெஷல் கிளாஸுக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். "வீட்ல வேணாங்கறாங்க மிஸ்" என்றாள். படிக்க மனசில்லை என்று நினைத்து வகுப்பில் எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறேன். மறுநாள் அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். எந்த பஸ், எந்த நிறுத்தம், எத்தனை பிள்ளைகள், எத்தனை மணிக்கு வகுப்பு விடுகிறோம், ஒரு பக்கத்துக்குள் எல்லாம். பெற்றோர்களும் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று தடவை போய் வந்தபின், 2023 ஜூலையில் மாலை டிரிப்பை 5.35-க்கு மாற்றிக் கொடுத்தார்கள். காரிலேயே போய்க்கொண்டிருந்தால், பொதுப் போக்குவரத்து மேம்பட வேண்டும் என்று மேடையில் மட்டும் பேசியிருப்பேன். அந்தப் புளியமரம் என் பேச்சில் வந்திருக்காது. தன் வாக்கைத் தானே கடைப்பிடித்துப் பார்க்கிறவர்களுக்குத்தான் அது எந்த இடத்தில் முடியாமல் போகிறது என்று தெரியும். அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.

ஆய்வகத்தில் ஒரு நோட்டு தொங்கவிட்டிருக்கிறேன். மாதம் எத்தனை நாள் பஸ், எத்தனை நாள் கார், எத்தனை கேஸ் சிலிண்டர் என்று என் கணக்கு. பசுமைப் படைப் பிள்ளைகள்தான் கூட்டிப் போடுவார்கள்.

2024 நவம்பரில் டெல்லியில் ஐந்து நாள் பயிற்சி. எங்கள் கிருஷ்ணகிரிக்கு ரயிலே கிடையாது. திருப்பத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்த சின்ன ரயிலும் 1941-ல் நின்றுபோனது. பஸ்ஸில் ஜோலார்பேட்டை, அங்கிருந்து சென்னை, அப்புறம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும். விமானத்தில் போகமாட்டேன் என்று பள்ளியில் சொல்லியிருந்தேன், போகும்போது அப்படித்தான் போனேன். நான்காம் நாள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. உடனே ஆபரேஷன் என்றார்கள். அன்று ராத்திரியே விமானத்தில் பெங்களூரு வந்து இறங்கினேன்.

திரும்பப் பள்ளிக்குப் போன அன்று என் காதுபடவே ஒருவர் சொன்னார், "ஊருக்குத்தான் உபதேசம்." வலித்தது. அந்த விமானத்தில் ஏறியது தப்பென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. ஆனால் நான் விமானத்தில் போகமாட்டேன் என்று சொல்லியிருந்ததும் உண்மைதானே. அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது.

2019-ல் ஸ்வீடன் நாட்டுச் சுற்றுச்சூழல் போராளி கிரேட்டா துன்பர்க் விமானம் ஏறாமல் பாய்மரப் படகில் இரண்டு வாரம் அட்லாண்டிக் கடந்து நியூயார்க் போனார். அப்போதும், படகைத் திருப்பிக் கொண்டுவர ஆட்கள் விமானத்தில் போகிறார்களே என்றார்கள். குறை கண்டுபிடிக்க உட்கார்ந்தவர்களுக்கு முடிவே இல்லை. ஆனால் குறை சொல்லும் எல்லாரையும் அந்தக் கூட்டத்தில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் ஷஹ்ஸீன் அத்தாரி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2016-ல் இதையே ஆராய்ந்தார்கள். அதிகமாக எரிசக்தி செலவழிக்கும் விஞ்ஞானி குறையுங்கள் என்று சொன்னால் மக்கள் அவ்வளவாக நம்புவதில்லை. 2019-ல் இன்னொரு ஆய்வு செய்தார்கள். முன்னால் நிறையச் செலவழித்தவர் பிறகு தன்னை மாற்றிக்கொண்டால் நம்பிக்கை திரும்பி வருகிறது. இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஜனங்கள் மாசுமறு இல்லாத ஆளைத் தேடவில்லை. முயற்சி பண்ணுகிறாயா, மறைக்கிறாயா என்றுதான் பார்க்கிறார்கள்.

விமான டிக்கெட்டை ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். சோதனைக் குழாய் கழுவிய பெண் அப்போது பத்தாவது. அந்த வருஷக் கோடையில் மழை பொய்த்து, அவள் அப்பா பெங்களூரா ரக மாமரங்களைக் காப்பாற்ற டேங்கர் தண்ணீர் விலைக்கு வாங்கி ஊற்றியிருந்தார். குத்தகைப் பணம்கூடக் கைக்கு வரவில்லை. அவள் நோட்டைப் பிரித்து, டெல்லி பெங்களூரு சுமார் 1,700 கிலோமீட்டர் என்று எழுதிப் பெருக்கி, 150 கிலோ என்று என் நவம்பர் கணக்கில் சேர்த்தாள். பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மாவுக்கு ஆபரேஷன்னு எழுதும்மா" என்றேன்.

எழுதினாள். அப்புறம் பேனாவை மூடிக்கொண்டே கேட்டாள், "பாட்டி இப்ப நடக்கறாங்களா மிஸ்?"

"வாக்கர் பிடிச்சு நாலு அடி நடக்கறாங்க."

"சரிங்க மிஸ்" என்று நோட்டை ஆணியில் மாட்டிவிட்டு ஸ்பெஷல் கிளாஸுக்குப் போனாள்.