சியர்ஸ் இல்லாத மெயில்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த மெயில் வந்தது. மூன்றாம் அத்தியாயத்தின் ப்ரூஃப், அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கும் பக்கங்கள், கிடைத்தது, படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. அவ்வளவுதான் விஷயம். கீழே 'சியர்ஸ்' என்று போட்டுப் பெயரின் முதல் எழுத்தை மட்டும் தட்டியிருந்தார் எங்களுக்கு வேலை தரும் பதிப்பகத்தின் லண்டன்காரர். அங்கே அப்போது மதியம். சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் உள்ளே போயிருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சினிமாவில் கிளாஸோடு கிளாஸ் இடிக்கும்போது சொல்வதாகத்தான் அந்தச் சொல்லை எனக்குத் தெரியும். பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "தேங்க்ஸ் சொல்றார்ப்பா. திங்கக்கிழமை காலைலயும் இதையேதான் போடுவார், பாரு." போட்டார்.

பிரிட்டிஷ், அமெரிக்கப் பதிப்பகங்களின் புத்தகங்களுக்கும் ஆய்விதழ்களுக்கும் பக்கம் கட்டும் வேலை சென்னையிலும் புதுச்சேரியிலும் நிறைய நடக்கிறது. அப்படி ஓர் இடத்தில்தான் நானும் ப்ராஜெக்ட் மேனேஜர். கலர் என்ற சொல்லில் 'யு' உண்டா இல்லையா, மேற்கோள் குறி ஒற்றையா இரட்டையா என்று இரண்டு இங்கிலீஷுக்கு நடுவில் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. எழுத்துக்கூட்டலை மேக்ரோ, அதாவது கம்ப்யூட்டரில் எழுதிவைத்த ஒரு குட்டி நிரல், மாற்றிக் கொடுத்துவிடும். நாம் எழுதும் மெயிலுக்கு மேக்ரோ கிடையாது.

அர்த்தம் தெரிந்ததும் அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எல்லாருக்கும் போட ஆரம்பித்தேன். ஓர் அமெரிக்கப் பதிப்பகத்தின் ஆய்விதழ் எங்கள் தவறால் எட்டு நாள் தாமதமானது. நீளமாக மன்னிப்புக் கேட்டு, புதிய ஷெட்யூலை இணைத்து, கடைசியில் 'சியர்ஸ்' போட்டு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: எதைக் கொண்டாடுகிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

அமெரிக்கர்களுக்கு அது பெரும்பாலும் கிளாஸைத் தூக்கும்போது சொல்லும் சொல்தான். அங்கே 1982 முதல் 1993 வரை ஓடிய ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு அதுதான் பெயர். கதை நடப்பது பாஸ்டனில் ஒரு மதுக்கடையில். இதையெல்லாம் தேடிப் பிடித்துக்கொண்டு போய், "அட்லாண்டிக் பண்ண வேலை அக்கா" என்றேன். அக்கா விடவில்லை. "லண்டன்காரர் மன்னிப்பு கேட்டா அதுக்குக் கீழ சியர்ஸ் போடுவாரா? நீ என்னைக்காவது பார்த்தியா?" பார்த்ததில்லை. அது தோளில் கை போடுகிற சொல். தப்புப் பண்ணிவிட்டு வந்து நிற்பவன் தோளில் கை போட்டால் லண்டனிலும் முகம் சுளிப்பார்கள்.

முகம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இந்தச் சொல்லுக்கு மூலமான 'சியர்' பழைய பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்குள் வந்தபோது அதற்குப் பொருளே முகம்தான். பிறகு முகத்தில் தெரியும் மனநிலை, பிறகு மகிழ்ச்சி, பிறகு குடிக்கும்போது சொல்லும் வாழ்த்து என்று நகர்ந்தது. நன்றி என்ற பொருள் அதற்குக் கடைசியில் ஒட்டியது. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு நம் 'முகமன்'தான் நினைவுக்கு வந்தது. வந்தவரை வரவேற்றுச் சொல்லும் உபசார வார்த்தைக்கு நாமும் முகத்திலிருந்துதானே பெயர் எடுத்திருக்கிறோம்?

பிறகு இரண்டு வார வேலையாக இங்கிலாந்தில் பிரிஸ்டல் போயிருந்தேன். அந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் ஓட்டுநரிடம் "சியர்ஸ், டிரைவ்" என்று சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். டிரைவர்கூட இல்லை, டிரைவ். பள்ளிக்கூடப் பையன், கைத்தடி ஊன்றிய பாட்டி, காதில் போன் வைத்தவர், எல்லாரும். நானும் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போய், சொல்ல வாய் திறந்தபோது பிளாட்ஃபாரத்தில் நின்றுகொண்டிருந்தேன், கதவு மூடிவிட்டது. நம்ம ஊரில் இறங்குகிற அவசரத்தில் யார் ஓட்டுநரைத் திரும்பிப் பார்க்கிறோம்?

இன்றைக்கு அமெரிக்கர்கள் சிலரும் மெயிலின் அடியில் சியர்ஸ் போடுகிறார்கள். நான்தான் போடுவதில்லை, அந்த ஒரு வரி பதில் இன்னும் உறுத்துகிறது. லண்டன்காரர் மெயிலில் மட்டும் அதை முதலில் தேடுவேன். எல்லாம் சரியாகப் போனால் சியர்ஸ். கொஞ்சம் சுணங்கினால் 'கைண்ட் ரிகார்ட்ஸ்'. கோபம் வந்துவிட்டால் வெறும் 'ரிகார்ட்ஸ்', அதோடு முழுப் பெயர், பதவி. எந்நேரமும் "வாடா" என்று கூப்பிடும் அண்ணன் திடீரென்று "வாங்க சார், உட்காருங்க" என்றால் வயிற்றைக் கலக்குமே, அதேதான். எந்த ஸ்டைல் கைடும் இதைச் சொல்லிக் கொடுக்காது.

போன மாதம் ஒரு புத்தகத்தின் இண்டெக்ஸில் பக்க எண்கள் மொத்தமும் இரண்டிரண்டாகத் தள்ளிப்போயிருந்தன. எங்களுக்கே தெரியாது. காலையில் அவர் மெயிலைத் திறந்ததும் பழக்கதோஷத்தில் கண் நேராக அடிக்குப் போனது. ரிகார்ட்ஸ். முழுப் பெயர். பதவி. மேலே என்ன எழுதியிருக்கிறார் என்று படிக்குமுன்பே பக்கம் கட்டும் டீமுக்கு போன் போட்டுவிட்டேன்.