வாலில் எட்டுச் சிப்பிகள்

கடல்கன்னி நாவல் எழுத உட்கார்ந்து மூன்று மாதம் ஆகிறது. பதினாறு வயதுப் பெண். குளித்துக்கொண்டிருக்கும்போது கால்கள் ஒட்டி வாலாகின்றன. அதுவரை சரி. அடுத்து அம்மாவிடம் என்ன சொல்வாள்? அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

இந்த வகைக் கதைகளில் பெரும்பாலும் அம்மா செத்திருப்பாள், இல்லையென்றால் கடலுக்குள் காணாமல் போயிருப்பாள். எழுதுகிறவருக்கு வசதி. கேள்வி கேட்க ஆள் இல்லையே!

அப்புறம்தான் டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் 1837ஆம் ஆண்டுக் கதையான ‘குட்டிக் கடல்கன்னி’யை மறுபடி எடுத்தேன். இளவரசனுக்காகக் கடலை விட்டு வரும் கடல்கன்னியின் காதல் கதை என்றே நினைப்பு. பார்த்தால் குடும்பம்தான் நிறைந்து கிடக்கிறது. ஆறு பெண்களில் இவள் கடைக்குட்டி. 15 வயதானால்தான் நீருக்கு மேலே போகலாம். அந்த நாளில் பாட்டி, அந்தஸ்து தெரியவேண்டும் என்று அவள் வாலில் எட்டுச் சிப்பிகளைக் கவ்வவிடுகிறாள். வலிக்கிறது என்கிறாள் பேத்தி. கௌரவம் என்றால் வலி இருக்கத்தான் செய்யும் என்கிறாள் பாட்டி. சின்ன வயதில் விசேஷ நாட்களில் எனக்கு மாட்டிவிட்ட இறுக்கமான செருப்பு ஞாபகம் வந்தது.

கடைசியில் அக்காக்கள் ஐந்து பேரும் கூந்தலைச் சூனியக்காரியிடம் கொடுத்து, தங்கையை மீட்க ஒரு கத்தி வாங்கி வருகிறார்கள். இளவரசனை மறந்துவிட்டேன். அந்த ஐந்து மொட்டைத் தலைகள்தான் தூங்கவிடவில்லை.

சரி, அம்மாவை உயிரோடு வைத்துவிட்டேன். நேற்று எழுதியது இவ்வளவுதான்: வால் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கதவு தட்டப்படுகிறது.

“இன்னும் எவ்வளவு நேரம்டி?”